பாதி போனில், பாதி அடுப்படியில்: ஓட்டல் வேலைப் பயிற்சி இப்போது எப்படி நடக்கிறது?



குழுக் கூட்டத்தில் சேமிப்பை வசூலித்து, கடன் தவணையை நோட்டில் எழுதி, தீர்மானத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு பேச்சு தானாகப் பிள்ளைகள் பக்கம் போகும். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு உறுப்பினர் கேட்டார். "என் மக பிளஸ் டூ முடிச்சிட்டு வீட்ல இருக்கா. ஓட்டல் வேலைக்கு டிரெயினிங் தர்றோம்னு வந்து கேட்டாங்க. பாதி கிளாஸ் போன்லயே நடக்குமாம். போன்ல எப்படிக்கா சமையல் கத்துக்க முடியும்? ஏமாத்து வேலையா இருக்குமோ?"

பக்கத்தில் இருந்த இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "நாம கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஆக்கிப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நமக்கு யாரு டிரெயினிங் குடுத்தா?" என்றார்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பின்னால் ஒரு பெண்ணின் எதிர்காலமும் ஒரு குடும்பத்தின் பணமும் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பின்னால் நம் குழுக்கள் நடத்துகிற கேன்டீன்களின் லாப நஷ்டம் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஓட்டல் வேலை என்றால் சமையல் மட்டும்தானா?

இல்லை. தங்கும் விடுதியோடு உள்ள ஓட்டலில் முக்கியமாக நாலு பிரிவுகள் உண்டு. வாசலில் வருபவர்களை வரவேற்று அறை ஒதுக்குவது வரவேற்புப் பிரிவு. அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பது ஹவுஸ்கீப்பிங். சாப்பாட்டு மேஜையில் பரிமாறுவது சர்வீஸ். சமையல் கட்டு நாலாவது. பெயர் ஓட்டல் வேலை என்றாலும், இதே பயிற்சி முடித்தவர்களை ஆஸ்பத்திரிகள், கல்லூரி விடுதிகள், கம்பெனி கேன்டீன்கள், விமானத்துக்குச் சாப்பாடு அனுப்பும் சமையல் கூடங்கள் எல்லாம் எடுத்துக்கொள்கின்றன. கிராமத்திலிருந்து போகிற பெண்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங்கோ சர்வீஸோதான். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், "சமையல் கத்துத் தர்றேன்னு சொல்லி ரூம் கிளீன் பண்ண விட்டுட்டாங்க" என்ற ஏமாற்றம் வராது.

முன்பு எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள்?

ஓட்டல் வேலையைப் பள்ளிக்கூடம் வைத்துக் கற்றுக் கொடுப்பது புதிது இல்லை. சுவிட்சர்லாந்து நாட்டில் லோசான் என்ற ஊரில் 1893-லேயே ஓட்டல் பள்ளி தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் சென்னை தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது. திருச்சி துவாக்குடியில் மாநில நிறுவனம் இருக்கிறது. அங்கேயெல்லாம் பல வருடமாகப் பாடம் நடந்த விதம் ஒன்றுதான். ஆசிரியர் அடுப்பு முன்னால் நின்று ஒரு முறை செய்து காட்டுவார். மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பிறகு தாங்களே செய்வார்கள்.

முப்பது பேர் ஒரு அடுப்பைச் சுற்றி நின்றால் என்ன ஆகும்? முன் வரிசையில் நிற்பவருக்கு வாணலி தெரியும். பின் வரிசைக்கு முன்னால் நிற்பவர் சடைதான் தெரியும். கிராமத்துப் பிள்ளைகள் கூச்சப்பட்டுப் பெரும்பாலும் பின் வரிசையில்தான் போய் நிற்பார்கள். புரியவில்லை என்றால் "இன்னொரு தடவை காட்டுங்க சார்" என்று கேட்கத் தைரியம் வராது. கேட்டாலும் இன்னொரு முறை காட்ட எண்ணெயும் கறியும் காசு இல்லாமல் வருமா? பயிற்சி நிலையத்துக்குச் சமையல் வகுப்பில் பெரிய செலவே மளிகைச் சாமானும் கேஸும்தான். அதனால் ஒரு பதார்த்தத்தை ஒரு பிள்ளை பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் செய்து பார்க்க முடியும். அந்த ஒரு வாய்ப்பும் கருகிப் போனால் போனதுதான்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2020-ல் கொரோனா வந்து கல்லூரிகள் எல்லாம் மூடிக் கிடந்தபோது, ஓட்டல் படிப்புப் பிள்ளைகள் அவரவர் வீட்டு அடுப்பில் சமைத்து, அதை வீடியோ எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினார்கள். அது கட்டாயத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் அதில் எது போனில் நன்றாக நடக்கும், எது நடக்காது என்று ஆசிரியர்களுக்கும் தெரிந்துபோயிற்று. கொரோனா போன பிறகும் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் போனிலோ கம்ப்யூட்டரிலோ, மீதி நேரில் என்று கலந்து நடத்துவதைக் கலப்பு முறைக் கற்றல் என்கிறார்கள்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் எளிதாகப் புரியும். கத்தி பிடித்துக் காய் நறுக்குவதை எடுத்துக்கொள்வோம். நாம் அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கிப் பழகியவர்கள். ஓட்டல் சமையல் கட்டில் நின்றுகொண்டு, பலகையில் வைத்துக் கத்தியால் நறுக்க வேண்டும். இடது கை விரல் நுனிகளை உள்ளே மடக்கி, விரல் கணுவில் கத்தியின் பக்கவாட்டுப் பகுதி உரசிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் கை வெட்டுப்படாது. தீக்குச்சி மாதிரி நீளமாக நறுக்குவதற்கு ஒரு பெயர், பொடிச் சதுரமாக நறுக்குவதற்கு ஒரு பெயர். எல்லாம் பிரெஞ்சுப் பெயர்கள்.

கலப்பு முறையில் முதல் நாள் இரவே ஐந்தாறு நிமிட வீடியோ பிள்ளையின் போனுக்கு வந்துவிடும். விரல் மடக்குகிற இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். பத்து முறை திருப்பிப் போட்டுப் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஜூலியன், புருன்வா என்கிற வாயில் நுழையாத பெயரையெல்லாம் காதால் கேட்டு, தனியாகச் சொல்லிச் சொல்லிப் பழகலாம். கடைசியில் நாலு கேள்வி இருக்கும், பதிலைத் தொட்டால் சரியா தப்பா என்று உடனே காட்டும். மறுநாள் வகுப்புக்குப் போனால் ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். "எடுங்க கத்தியை" என்பார். முழு நேரமும் கைப் பழக்கம்தான். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் வந்து நின்று விரலைத் திருத்துவார்.

இதுதான் இந்த முறையின் சூட்சுமமே. போன் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்புவதற்கு இல்லை. ஆசிரியர் வாயால் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தை மிச்சப்படுத்தி, அதைப் பிள்ளையின் கைக்குக் கொடுப்பதற்கு. எந்த நிலையமாவது வீடியோவைக் காட்டிவிட்டு நேர் பயிற்சியைக் குறைக்கிறது என்றால், அது கலப்பு முறை இல்லை, செலவு மிச்சம் பிடிக்கிற முறை.

இன்னொரு நல்ல பழக்கமும் வந்திருக்கிறது. பிள்ளைகள் வேலை செய்வதைத் தோழி போனில் படம் எடுத்துத் தாங்களே பார்க்கிறார்கள். நாம் எப்படி நிற்கிறோம், வாடிக்கையாளரிடம் பேசும்போது முகத்தைப் பார்க்கிறோமா தரையைப் பார்க்கிறோமா என்பது நமக்குத் தெரியாது. படத்தில் பார்த்தால்தான் தெரியும். "அய்யோ, நான் இவ்வளவு மெதுவாவா பேசறேன்!" என்று அந்தப் பெண்ணே கண்டுபிடிப்பாள். ஆசிரியர் பத்து முறை சொல்வதைவிட இது சீக்கிரம் உறைக்கும்.

பெரிய கம்பெனிகள் இதைவிடத் தூரம் போய்விட்டன. ஹில்டன் என்ற உலகளாவிய ஓட்டல் நிறுவனம், கண்ணை முழுக்க மூடுகிற மாதிரி மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தது. மாட்டிக்கொண்டால் ஓட்டல் அறைக்குள்ளேயே நிற்கிற மாதிரி தெரியும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதை ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்கும் மாட்டிவிட்டு, அறை சுத்தம் செய்வதும் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவதும் எவ்வளவு கஷ்டம் என்று காட்டினார்களாம்! நம் ஊர்ப் பயிற்சி நிலையத்துக்கு அந்தக் கருவி தேவையில்லை. சாதாரண ஆண்ட்ராய்டு போனே போதும்.

போனால் கற்றுத் தர முடியாதது

உப்பு. முதலில் அதைச் சொல்ல வேண்டும். கருவேப்பிலை போடுகிற நேரத்தில் எண்ணெய் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்பது கண்ணாலும் காதாலும் மூக்காலும் தெரிவது. மாவு பிசைகிற பதம் உள்ளங்கைக்குத்தான் தெரியும். எந்த வீடியோவும் வாசனையைக் காட்டாது.

அடுத்தது வேகம். ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு பெண் ஒரு ஷிப்டில் சாதாரணமாக 12 முதல் 16 அறைகள் வரை முடிக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் ஒரு அறைக்கு அரை மணி நேரம், சில சமயம் அதற்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் பழைய விரிப்பை உருவி, புதிது போட்டு, மூலைகளை 45 டிகிரியில் மடித்து மெத்தைக்கு அடியில் செருகி, குளியலறை கழுவி, கண்ணாடி துடைத்து, சோப்பு, துண்டு எல்லாம் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். வீடியோவில் பார்க்கும்போது, "இவ்வளவுதானா" என்று இருக்கும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும்போது இடுப்பு சொல்லும். பயிற்சிக் காலத்திலேயே ஒரு நிஜ ஓட்டலில் சில வாரங்கள் வேலை செய்து பார்ப்பது இதற்காகத்தான். அந்தப் பகுதி இல்லாத பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கோபமாகக் கத்துகிற வாடிக்கையாளரைச் சமாளிப்பதும் அப்படித்தான். நேரில் நாலு முறை நடுங்கினால்தான் ஐந்தாவது முறை நடுக்கம் போகும்.

வேலையே போனுக்குள் வந்துவிட்டது

பயிற்சியில் போன் வந்ததற்கு இன்னொரு காரணம், வேலையிலேயே போன் வந்துவிட்டது. முன்பெல்லாம் சர்வர் சின்ன நோட்டில் எழுதிக் கிழித்துச் சமையல் கட்டில் கொடுப்பார். இப்போது பல ஓட்டல்களில் கையில் உள்ள கருவியில் தொட்டால் சமையல் கட்டில் தாள் அச்சாகி வருகிறது. அறை சுத்தம் முடிந்ததும் அந்தப் பெண் போன் செயலியில் அதைக் குறித்தால், கீழே வரவேற்பில் உடனே தெரிந்து அடுத்த ஆளுக்கு அறை கொடுக்கிறார்கள். மேஜையில் ஒட்டிய கட்டம் கட்டமான க்யூஆர் படத்தைப் போனில் பிடித்தால் சாப்பாட்டுப் பட்டியல் வருகிறது.

இது ஏதோ நகரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 15.9.2022 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, பள்ளிகளில் சமைக்கும் பொறுப்பு நம் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு வந்தது. அதற்குத் தேர்வு செய்த விதிகளில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. சமையல் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாம் செயலியில் பதிவு செய்தார்கள். உப்புமா கிண்டத் தெரிந்தும் போன் தெரியாததால் பின்வாங்கிய சகோதரிகள் உண்டு. அது நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சுத்தம் பற்றிய பாடம்: இதைப் போனிலேயே படித்துவிடலாம்

சுத்தம், பாதுகாப்பு பற்றிய பாடங்களைப் போனில் நன்றாகக் கற்கலாம். நம் குழுக் கேன்டீனுக்கும் இட்லிக் கடைக்கும் நேரடியாக உதவுகிற பாடம் இது.

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் ஃபாஸ்டாக் என்ற பயிற்சியைத் தொடங்கியது. சுங்கச்சாவடியில் வண்டிக்கு ஒட்டுகிற ஃபாஸ்டேக் வேறு, இது வேறு! உணவு வியாபாரம் செய்கிறவர்களுக்கு நேரிலும் ஆன்லைனிலும் நடக்கிறது, தெருவோரக் கடைக்காரர்களுக்கும் தனிப் பாடம் உண்டு. அதில் சொல்லித் தருகிற ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சமைத்த உணவுக்கு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை உள்ள சூடு ஆபத்தான சூடு. கிருமி வேகமாகப் பெருகுகிற இடம் அது. அதனால் சூடாகக் கொடுப்பதை 60-க்கு மேலேயே வைத்திருக்க வேண்டும், குளிரில் வைப்பதை 5-க்குக் கீழே வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் காலை 6 மணிக்கு வடித்த சாதத்தை அடுப்பை விட்டு இறக்கி வைத்து, மதியம் 1 மணிக்குப் பொட்டலம் கட்டினால் அது பல மணி நேரம் அந்த ஆபத்தான சூட்டிலேயே கிடக்கிறது. கெட்டுப்போன வாசனை வராமலே வயிற்றைக் கெடுக்கும். வீட்டில் ஆக்குவது வேறு, ஊருக்கு ஆக்குவது வேறு என்று சொல்வது இதற்காகத்தான். வீட்டில் இறக்கியதும் சாப்பிட்டுவிடுகிறோம்.

பச்சைக் கறி நறுக்கிய பலகையில் சாலட் நறுக்கக் கூடாது என்பதற்காக ஓட்டல்களில் பலகைக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் பச்சை இறைச்சி, நீலம் என்றால் மீன், பச்சை நிறம் என்றால் காய்கறி. நாம் நிறப் பலகை வாங்க வேண்டியதில்லை. இரண்டு பலகை வைத்து, ஒன்றில் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு போட்டால் தீர்ந்தது.

சுத்தம் செய்யும் மருந்துகளுக்கும் இப்படி அடையாளம் உண்டு. நம் நாட்டு ஓட்டல்களில் பலவும் டாஸ்கி என்ற கம்பெனிச் சாமான்களை எண்ணை வைத்தே சொல்வார்கள். ஆர் 1 குளியலறைக்கு, ஆர் 2 தரைக்கும் பொதுவான இடங்களுக்கும், ஆர் 3 கண்ணாடிக்கு, ஆர் 4 மர சாமானுக்கு, ஆர் 5 வாசனைக்கு, ஆர் 6 கக்கூஸ் பீங்கானுக்கு. இந்த எண்களைப் போன் பாடத்தில் விளையாட்டு மாதிரி கேள்வி கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆக்கிவிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே "ஆர் த்ரீ எடும்மா" என்றால் முழிக்க வேண்டாம். இதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்து வரும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறைக்குள் மூச்சை அடைத்துவிடும். இது ஓட்டலுக்கு மட்டும் இல்லை, நம் வீட்டுக்கும், பள்ளிக் கழிப்பறை கழுவும் நம் சகோதரிகளுக்கும் சேர்த்துத்தான்.

நமக்கு எதற்கு டிரெயினிங்? ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம் சொல்லும் பதில்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். நமக்குச் சமைக்கத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விலை போடத் தெரிகிறதா?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்கள் ஊர் விலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். 50 பொட்டலம் எலுமிச்சை சாதம். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று 5 கிலோ, கிலோ 55 ரூபாய் வீதம் 275. எண்ணெய் அரை லிட்டர் 75. எலுமிச்சம்பழம் 25, ஒன்று 4 ரூபாய் வீதம் 100. கடலையும் பருப்பும் 60. மிளகாய், மஞ்சள், உப்பு, தாளிப்பு 40. சாமான் மொத்தம் 550 ரூபாய். கேஸ் 60, பொட்டலம் கட்டும் சாமான் 100. ஆக 710 ரூபாய். ஒரு பொட்டலத்துக்கு அடக்கம் 14 ரூபாய் 20 காசு.

25 ரூபாய்க்கு விற்றால் பொட்டலத்துக்குப் பத்து ரூபாய்க்கு மேல் லாபம், 50 பொட்டலத்துக்கு 540 ரூபாய் என்று குழுவில் சந்தோஷப்படுவோம். ஆனால் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து இரண்டு பேர் அரை நாள் வேலை செய்தார்களே, அந்தக் கூலி எங்கே? ஆளுக்கு 300 என்று வைத்தாலும் 600. 710-ம் 600-ம் சேர்ந்தால் 1,310. ஒரு பொட்டலம் 26 ரூபாய் 20 காசு. 25-க்கு விற்றால் ஒவ்வொரு பொட்டலத்திலும் 1 ரூபாய் 20 காசு நஷ்டம். நம் உழைப்பைக் கணக்கில் எழுதாததால்தான் அது லாபம் மாதிரி தெரிந்தது. வாங்கிவர ஆட்டோ, விற்காமல் மிஞ்சுகிற பொட்டலம் இதெல்லாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஓட்டல் பயிற்சியில் இந்தக் கணக்குக்குத் தனிப் பாடமே உண்டு. சாமான் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும் என்பது பல ஓட்டல்களில் வழக்கம். நம் எலுமிச்சை சாதத்தில் சாமான் மட்டுமே பொட்டலத்துக்கு 11 ரூபாய். 25-ல் 11 என்றால் நூற்றுக்கு 44. அப்படியானால் ஒன்று விலையைக் கூட்ட வேண்டும், அல்லது அதே இரண்டு பேர் அதே நேரத்தில் 100 பொட்டலம் செய்ய வழி பார்க்க வேண்டும். கூலி 600 அப்படியே இருந்து சாமானும் கேஸும் இரட்டிப்பானால் செலவு 2,020. ஒரு பொட்டலம் 20 ரூபாய் 20 காசுக்கு இறங்கிவிடும். அப்போது 25-க்கு விற்றாலும் 4 ரூபாய் 80 காசு நிற்கும்.

இந்தக் கணக்குக்குக் கிராம் கிராமாக அளவு தெரிய வேண்டும். "ஒரு கை உப்பு" என்பது என் கைக்கு ஒன்று, உங்கள் கைக்கு ஒன்று. நான் வராத நாளில் நீங்கள் சமைத்தால் ருசி மாறும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி, ஒரு முறை எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி, அந்தத் தாளைப் படம் எடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் யார் சமைத்தாலும் ஒரே ருசி. கணக்குப் போடும் பாடம் போனிலேயே நன்றாக நடக்கும். எங்கேயும் போக வேண்டாம்.

வீட்டில் ஒரே போன்

பேசுவதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் என்ன நடக்கிறது? பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். ராத்திரி 9 மணிக்கு அவர் வந்த பிறகு கேட்டால், "எந்நேரமும் உனக்குப் போன் எதுக்கு?" என்ற கேள்வி. வயசுப் பெண் போனைக் கையில் எடுத்தால் வீட்டில் சந்தேகம். பாடம் படிக்கிறாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பையன் விடிய விடிய விளையாடினால் மட்டும் யாரும் கேட்பதில்லை. இது தொழில்நுட்பக் கோளாறு இல்லை. ஆனால் பெண்களின் படிப்பு நின்றுபோவதற்கு டவர் கிடைக்காததைவிட இது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வகுப்பு தொடங்கும் நாளில் பெற்றோர் இருவரையும் வரவழைத்து, எந்த நேரத்தில் என்ன பாடம் வரும் என்று தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் போய்விடும். டேட்டா தீர்ந்துபோகிறது என்பவர்களுக்கு, வைஃபை உள்ள இடத்தில் ஒருவர் இறக்கி வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் போனிலிருந்து போனுக்கு அனுப்பலாம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கட்டடத்தில் டிவி இருந்தால், பென்டிரைவில் போட்டு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். தனியாகப் பார்ப்பதைவிடச் சேர்ந்து பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. புரியாததை நாலு பேர் பேசித் தெளியலாம்.

மொழியும் ஒரு தடைதான். பாடங்கள் பலவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கின்றன. தமிழில் இருப்பவற்றிலும் சில, புரியாத தமிழில் இருக்கின்றன. சேருவதற்கு முன்னால் ஒரு மாதிரிப் பாடத்தைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

எங்கே கேட்பது?

கிராமப்புற இளைஞர்களுக்கான தீன் தயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டம் 25.9.2014 அன்று தொடங்கியது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு. பெண்களுக்கு 45 வரை சலுகை. பயிற்சி இலவசம். தொழிலோடு ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். ஓட்டல் தொழிலும் அதில் உண்டு. உங்கள் வட்டாரத்தில் எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்பதை வாழ்வாதார இயக்க வட்டார அலுவலகத்தில் விசாரிக்கலாம். சுற்றுலா அமைச்சகம் 2009-10-ல் தொடங்கிய ஹுனர் சே ரோஸ்கார் தக் என்ற திட்டத்தில் சமையலுக்கு 8 வாரம், பரிமாறுவதற்கு 6 வாரம் என்று குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தினார்கள். சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன, தங்கிப் படிக்க இடமும் சாப்பாடும் இலவசம். ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளைத் தரமணி நிறுவனத்தில் தாட்கோ செலவில் படிக்க வைக்கும் அறிவிப்பு 2023-ல் வந்தது. புதிதாக அறிவித்திருக்கிறார்களா என்று மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் கேளுங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்க, 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளமும், 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளமும் உண்டு. ஸ்வயத்தில் பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

ஏமாற்றுக்காரர்களும் போன் கற்றுக்கொண்டார்கள்

கலப்பு முறை வந்ததும், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஏமாற்றுவதும் வந்துவிட்டது. "15 நாள் ஆன்லைன் ஓட்டல் மேனேஜ்மென்ட், சர்டிபிகேட் கையில், துபாயில் வேலை உறுதி, பதிவுக்கு 8,000 மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். படம் நன்றாக இருக்கும், அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்று மூலையில் இருக்கும். நகையை அடகு வைத்துக் கட்டுவார்கள். பிறகு அந்த எண் எடுக்காது.

ஓட்டல்காரர்கள் வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். "உள்ள போய் ஒரு அயிட்டம் பண்ணிக் காட்டு" என்பார்கள். ட்ரையல் என்பது அதுதான். அடுப்பையே தொடாமல் வாங்கிய காகிதம் அங்கே நிற்காது. உண்மையான திறன் சான்றிதழில் க்யூஆர் குறியீடு இருக்கும், போனில் பிடித்துச் சரிபார்க்கலாம். தேர்வு எடுப்பவர் பயிற்சி நிலையத்து ஆளாக இல்லாமல் வெளியிலிருந்து வருவார். வெளிநாட்டு வேலை என்றால் அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் என்ற மத்திய அரசுத் தளத்தில் பார்க்க முடியும். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, முதலில் அங்கே கேட்பது நல்லது.

பெண்ணை அனுப்புவதற்கு முன்

நிலையத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழு ஊக்குநரையோ பிரதிநிதியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அலுவலக அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், "கிச்சனைக் காட்டுங்க" என்று கேளுங்கள். எத்தனை அடுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். பயிற்சி அறையில் நிஜமான கட்டில் மெத்தை போட்டிருக்கிறதா, அல்லது படம் மட்டும் ஒட்டியிருக்கிறதா? வாரத்தில் எத்தனை மணி நேரம் போனில், எத்தனை மணி நேரம் நேரில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன பேட்ச் பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இரண்டு பேரிடம் போனில் பேசுங்கள்.

வேலைக்குப் போகிற ஓட்டலைப் பற்றியும் கேட்க வேண்டும். தங்குமிடம் யார் பொறுப்பு? ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா? 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. பெயர் சொல்லத் தயங்குகிற இடம் என்றால் யோசியுங்கள். மாவட்ட அளவிலும் புகார்க் குழு இருக்கிறது என்பதைப் பெண்ணிடம் சொல்லி அனுப்புங்கள்.

முதல் கேள்வி கேட்ட அந்த உறுப்பினர், நாங்கள் மூன்று பேர் கூடப் போக, நிலையத்தைப் போய்ப் பார்த்தார். அடுப்புகளை எண்ணினார். பிறகு அங்கே நின்றிருந்த ஒரு பிள்ளையிடம் மெதுவாக, "ஏம்மா, நேத்து என்ன செஞ்சே?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை விரல்களை உள்ளே மடக்கிக் காட்டி, "வெங்காயம் நறுக்கினேன்மா. ரெண்டு கிலோ" என்றது. அம்மா திரும்பி எங்களைப் பார்த்து, "சரி, சேர்த்துரலாம்" என்றார்.